முந்தானை வலப்பக்கம்

என் இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் ஒரே ஒரு விசாரணை அறிக்கையைத்தான் இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். முதல் தடவை எழுதியதைப் படித்துவிட்டு மேலதிகாரி, "வாசுதேவ், எல்லாரும் இப்படி எழுதினா நான் நிம்மதியா ரிடையர் ஆயிடுவேன்யா" என்றார். இரண்டாவதை அவர் படித்தாரா என்றே தெரியாது. முதலாவது தப்பு, இரண்டாவது சரி. ஆபீஸ்களில் நடக்காத விஷயம் ஒன்றும் இல்லை.

1998இல் நான் கைத்தறித் துறையில் ஆய்வாளர். வீடு சின்ன காஞ்சிபுரத்தில். அப்பா பெருமாள் கோயிலில் தாயார் சன்னிதியில் கைங்கரியம் செய்தவர். எனக்கு அதில் பிடிப்பு இல்லாமல் பரீட்சை எழுதி அரசாங்கத்தில் சேர்ந்தேன். பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களை மேற்பார்வை பார்ப்பது வேலை. அதில் ஒரு சங்கத்தில் நடந்தது இது. பெயரைச் சொல்லப் போவதில்லை. சங்கத்தின்மேல் தப்பு இல்லை, தப்பு என்மேல்.

அந்தச் சங்கத்தில் கலாவதி என்று ஒரு பரிசோதகர். நாற்பத்திரண்டு வயது. தறிக்காரர்கள் நெய்து முடித்த புடவையைக் கொண்டுவந்தால் நீள மேசையில் விரித்துப் போட்டு, இழை விட்டிருக்கிறதா, ஜரிகை அறுந்திருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்த்து, முதல் தரம் அல்லது இரண்டாம் தரம் என்று முத்திரை குத்துவார். பதினோரு வருஷமாகக் குத்திக்கொண்டிருந்தார். முத்திரையைவிட அவருடைய ஆள்காட்டி விரலுக்குத்தான் தறிக்காரர்கள் பயந்தார்கள். அது போய் நின்ற இடத்தில் பழுது இருக்கும்.

அவர்மேல் புகார் எழுதியவர் கலியாணசுந்தரம் என்ற தறிக்காரர். வீட்டில் ஒரு தறி. மகன் தினேஷ் நெய்வான். மருமகள் அகிலா அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வலது கரைக்கான நூல் ஓடும் நாடாவைத் தள்ளுவாள். உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாகக் கோர்த்து நெய்கிற புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். ஆறு வருஷமாக அந்த இரண்டு பேர் இவர்கள்தான். கலியாணசுந்தரம் தறியில் உட்காருவதை விட்டுவிட்டு மேற்பார்வை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். எங்காவது இழை விட்டுப்போனால், சங்கத்துக்குக் கொண்டுபோவதற்கு முன் அவரே ஊசியால் இழை வாங்கிக் கோத்துச் சரிசெய்வார். அந்த வேலையில் அவர் கெட்டிக்காரர் என்று அவருக்கு ஆகாதவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

"பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்தாலும் தெரியாது சார், நான் கோத்தது" என்றார் என்னிடம். "ஒரு வருஷத்துல ஒம்பது புடவை ரெண்டாம் தரம். ஒம்பதுலயும் எச்சில் முழுங்கறதுக்குள்ள அந்தம்மா விரல் நேரா அந்த எடத்துக்குப் போவுது. மத்தவங்க புடவைன்னா ரெண்டு நிமிஷம், மூணு நிமிஷம் தேடிக்கினு இருக்கறாங்க. எங்க வீட்டுதுன்னா மட்டும் எப்படி? யாராவது போய்ச் சொன்னாதான உண்டு?"

கோத்த இடம் தெரிந்தவர்கள் வீட்டில் மூன்று பேர். அவர் சொல்லியிருக்க மாட்டார். மகன் சொல்லியிருக்க மாட்டான். மிச்சம் மருமகள். கலாவதியின் அம்மா வீடு ஐயம்பேட்டை. அகிலாவின் அப்பா வீடும் ஐயம்பேட்டை. பங்குனி உத்திரத்தன்று இரண்டு பேரும் ஒரே ஷேர் ஆட்டோவில் இருந்து இறங்கியதைப் பார்த்ததற்கு இரண்டு சாட்சி. போதாததற்கு, தனிக்குடித்தனம் போகலாம் என்று அகிலா புருஷனிடம் நாலைந்து முறை கேட்டிருக்கிறாள். தறியின் பெயரைக் கெடுத்துவிட்டால் வீட்டை உடைப்பது சுலபம் என்று நினைத்திருக்கிறாள் என்பது மாமனாரின் கணக்கு.

புகார் என் மேசைக்கு வருவதற்குள் அகிலாவை ஐயம்பேட்டைக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். "அவ சொல்லலைன்னு ஆபீசர் எழுதிக் குடுக்கட்டும், நானே போய்க் கூட்டிக்கினு வரேன்" என்றார் கலியாணசுந்தரம். ஒரு பெண் புருஷன் வீட்டில் இருக்கலாமா கூடாதா என்று தீர்மானிக்கக் கைத்தறித் துறை விதிகளில் இடம் கிடையாது. ஆனால் எழுதிக் கொடுக்க வேண்டியவன் நான் என்று ஆகிவிட்டது. எனக்கு அதில் எரிச்சல் இருந்தது, கொஞ்சம் பெருமையும் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

கலாவதியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"எப்படிம்மா கண்டுபிடிக்கிறீங்க?"

"பார்க்கறேன் சார். தெரியுது."

"இவங்க புடவையில மட்டும் சீக்கிரமா தெரியுதாமே?"

"அப்படியா? எனக்கு எது யாரு புடவைன்னே ஞாபகம் இருக்கறதில்ல சார். ஒரு நாளைக்கு நாப்பது விரிக்கறேன்."

"பழுது இந்த எடத்துல இருக்கும்னு முன்கூட்டியே தெரியுமா?"

"தெரியாது சார். கண்ணு அங்க போவுது. நான் இன்னா பண்றது?"

இதை அப்படியே எழுதிக்கொண்டேன். எழுதும்போதே நம்பவில்லை. கேள்வி கேட்டால் கண்மேல் பழி போடுகிற சாட்சியை யார் நம்புவார்கள்?

அகிலா தன் அப்பா தர்மனோடு ஆபீசுக்கு வந்தாள். இருபத்தாறு வயது இருக்கும். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தாள், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். "அந்தம்மாகூட ஆட்டோல வந்தது நெஜம் சார். தக்காளி வெலை பேசிக்கினு வந்தோம். தறியப் பத்திப் பேசல." தனிக்குடித்தனம் கேட்டதும் நிஜம்தான் என்றாள். மாமனாரும் புருஷனும் கொடுத்த வாக்குமூலங்கள் ஏற்கெனவே என் ஃபைலில் இருந்தன.

வாய்ப்பேச்சை நம்பி அறிக்கை எழுதுகிறவன் இல்லை நான். ஒரு சோதனை வைத்தேன். சங்கத்தின் மேலாளர் ஆதிகேசவனிடம் சொல்லி, நான்கு தறிகளில் இருந்து பன்னிரண்டு புடவைகளை எடுத்துவைத்தேன். அதில் மூன்று கலியாணசுந்தரம் வீட்டுப் புடவை. ஒவ்வொன்றிலும் அவர் கோத்த பழுது ஒன்று. தறி எண் எழுதிய சீட்டுகளின்மேல் காகிதம் ஒட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சங்கத்தில் யாரும் இல்லாத நேரத்தில், நானே என் கையால் ஒவ்வொரு புடவையாக மேசையில் விரித்துவைத்துவிட்டுக் கலாவதியை உள்ளே கூப்பிட்டேன். கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்துக்கொண்டேன்.

அந்த மூன்று புடவைகளில் ஒன்றுக்கு நாலரை நிமிஷம் ஆயிற்று. இன்னொன்றுக்கு ஐந்து. மூன்றாவதில் பழுதே இல்லை என்று சொல்லிவிட்டார். மற்றத் தறிகளின் புடவைகளிலும் அப்படித்தான் திண்டாடினார். இன்றைக்கு என்னவோ கண் ஓட மாட்டேன் என்கிறது என்று இரண்டு முறை சொன்னார். ஒவ்வொன்றும் யார் தறி என்று கேட்டேன். குத்துமதிப்பாக எதையோ சொன்னார். பன்னிரண்டில் மூன்று சரி. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் அவ்வளவு சரியாக வரும்.

எனக்கு வெட்டவெளிச்சமாகிவிட்டது. சீட்டு தெரிந்தால் உடனே விரல் போகிறது. சீட்டை மறைத்தால் தடுமாறுகிறார். ஆக, யார் வீட்டுப் புடவை என்று தெரிந்தால்தான் பழுது எங்கே என்று தெரிகிறது. ஆக, யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஏழு பக்கம் எழுதினேன். அகிலாவின் பெயரை நேராக எழுதவில்லை. 'வீட்டில் இருந்து தகவல் சென்றிருக்க வேண்டும்' என்று எழுதினேன். வீட்டில் இருந்து என்றால் யார் என்று ஊருக்கே தெரியும் என்பதும் எனக்குத் தெரியும்.

கலாவதியை மேசையில் இருந்து எடுத்து ஒண்ணாம் தேதி முதல் நூல் கிடங்குக்கு மாற்றச் சொல்லி உத்தரவு ஆயிற்று. கலியாணசுந்தரம் அறிக்கையின் நகலை வாங்கிக்கொண்டுபோன மறுநாள், அகிலாவின் சீர் பாத்திரங்களை ஒரு டெம்போவில் ஏற்றி ஐயம்பேட்டைக்கு அனுப்பினார்.

மாற்றல் உத்தரவைக் கொடுக்க நானே போனேன். மாதக் கடைசி நாள். கலாவதி மேசையில் இருந்தார். உத்தரவை வாங்கிப் படித்துவிட்டு, "இன்னும் ஆறு புடவை இருக்குது சார், முடிச்சிட்டுப் போறேன்" என்றார். கோபமோ அழுகையோ இல்லை. எனக்குத்தான் எழுந்து போக முடியவில்லை. ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு தறிக்காரர் வந்து சுருட்டிய புடவையை மேசையில் உருட்டி விரித்தார். கலாவதி முன்னால் நின்று பார்க்க ஆரம்பித்தார். அடுத்தவர் வந்தார், உருட்டினார். மூன்றாவது புடவையின்போதுதான் கவனித்தேன். முந்தானை அவருடைய இடது கைப்பக்கம் இருந்தது. முன்னால் பார்த்த இரண்டிலும் அங்கேதான் இருந்தது.

"முந்தானை எப்பவும் இந்தப் பக்கம்தானா?"

"வேற எந்தப் பக்கம் சார்? அவங்க சுத்திக் கொண்டார்றதே அப்படித்தான். உருட்டுனா முந்தி இங்கதான் வரும்."

சோதனையன்று நான் எந்தப் பக்கம் வைத்தேன்? யோசித்தேன். நினைவு வரவில்லை. அப்புறம் என் கையையே பார்த்தேன். ஒரு புடவையை வாங்கி, மடித்து, எழுந்து நின்று யோசிக்காமல் விரித்தேன். முந்தானை வலப்பக்கம் போய் விழுந்தது.

எங்கள் வீட்டில் தாயாருக்குச் சாத்தும் பட்டைத் தட்டில் முந்தானை வலப்பக்கம் வரும்படிதான் வைப்பார்கள். வீட்டில் யார் பட்டுப்புடவையை விரித்தாலும் அப்படித்தான். எனக்கு அதை யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, நானும் ஏன் என்று கேட்டதில்லை. கைங்கரியம் வேண்டாம் என்று அரசாங்க வேலைக்கு வந்தவனுடைய கை, சங்கத்து மேசையில் பன்னிரண்டு புடவைகளையும் தாயார் சன்னிதித் தட்டில் வைப்பதுபோலத் தலைமாற்றி வைத்திருக்கிறது. கலாவதி சொல்லவில்லையா என்றால், ஆபீசர் வைத்ததை அவர் எப்படித் திருப்புவார்? தவிர, அவருக்கும் ஏன் தடுமாறுகிறது என்று தெரியவில்லை.

டெம்போவில் போன பாத்திரங்கள் நினைவுக்கு வந்தன.

ஆதிகேசவனைக் கூப்பிட்டேன். அகிலா போன பிறகு அந்த வீட்டில் இருந்து வந்த புடவை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். இரண்டு வந்திருந்தன, பரிசோதனைக்குக் காத்துக்கொண்டிருந்தன. அவள் உட்கார்ந்த இடத்தில் இப்போது கலியாணசுந்தரமே உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ளுகிறாராம். அந்த இரண்டையும் வேறு நான்கோடு கலந்து, சீட்டை மறைத்து, கலாவதியை வெளியே அனுப்பிவிட்டு விரித்தோம். ஐந்தில் முந்தானை இடப்பக்கம். அந்த வீட்டுப் புடவை ஒன்றை மட்டும் வேண்டுமென்றே தலைமாற்றி வைத்தேன்.

தலைமாற்றியதில் நாலு நிமிஷம் தேடி, பழுதைத் தாண்டிப் போய், திரும்பி வந்து கண்டுபிடித்தார். மற்றத் தறிகளின் புடவைகளுக்கு வழக்கம்போல இரண்டு மூன்று நிமிஷம். கடைசியாக அந்த வீட்டுப் புடவை, முந்தானை இடப்பக்கம். எட்டு விநாடி. விரல் போய் நின்றது. ஆதிகேசவன் ஊசிமுனையால் இழையை நகர்த்திப் பார்த்தார். கோத்த இடம்தான்.

"இது யாரு தறிம்மா?"

கலாவதி கொஞ்சம் யோசித்தார். "தெரியல சார். பிள்ளையார்பாளையத்து ஆளுங்களோ?"

தப்பு. எனக்கு அந்தத் தப்பான பதிலைக் கேட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு மாதமாக அகிலா அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை. யார் வந்து என்ன சொல்லியிருக்க முடியும்? கலாவதி முதல் நாளே உண்மையைத்தான் சொன்னார். அவருடைய கண் அங்கே போகிறது, அவருக்குத் தெரியாது.

அன்று மாலை வரை நானும் ஆதிகேசவனும் அடிக்கோலை வைத்துக்கொண்டு அந்த வீட்டுப் புடவைகளை அளந்தோம். இரண்டாம் தரமாகிச் சங்கத்திலேயே கிடந்த பழைய ஒன்பது, புதிய இரண்டு. அவர்கள் தறியில் நெய்த புடவையில், புட்டா என்கிற சின்னப் பூக்களின் வரிசைகள் சீரான இடைவெளியில் வந்துகொண்டிருக்கும். ஒரு கட்டத்தில் இரண்டு வரிசை மட்டும் நூலளவுக்கு நெருங்கும். பார்த்தால் தெரியாது, அளந்தால்தான் தெரியும். நெருங்கிய இடத்தில் இருந்து ஒரு சாண் தள்ளி, வலது கரையை ஒட்டி, இழை விட்டிருக்கும். பதினொன்றில் பத்தில் அப்படி. தறியில் ஏதோ கோளாறோ, நெய்கிறவன் கையில் ஏதோ பழக்கமோ, அது என் வேலை இல்லை. வருஷக்கணக்காக அந்தத் தறியின் புடவைகளை ஒரே பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்து, வரிசை நெருங்கினால் எங்கே பார்க்க வேண்டும் என்பதைக் கலாவதியின் கண் கற்றுக்கொண்டுவிட்டது. கற்றுக்கொண்டதை அவரிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, "அட, ஆமா, நெருங்கித்தான் இருக்குது" என்றார், வேறு யாரோ கண்டுபிடித்ததைக் கேட்பதுபோல. திரும்ப மேசைக்கு வந்த முதல் வாரம் வரிசை வரிசையாக எண்ணிக்கொண்டு நின்று, வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டாராம். "நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம் சார்" என்று ஆதிகேசவன் குறைபட்டுக்கொண்டார்.

இரண்டாவது அறிக்கை மூன்று பக்கம். 'முந்தைய சோதனையில் புடவைகள் தவறான திசையில் விரிக்கப்பட்டன' என்று எழுதினேன். யார் விரித்தது என்பதையும் எழுதினேன். அந்த வரியைக் குறைத்திருக்கலாம் என்று மேலதிகாரியின் உதவியாளர் சொன்னார். குறைக்கவில்லை. கலாவதியின் மாற்றல் ரத்தாயிற்று.

கலியாணசுந்தரம் வீட்டுக்குப் போய் நகலைக் கொடுத்தேன். உட்கார்ந்து முழுவதும் படித்தார். மனுஷன் வாக்குத் தவறாதவர். "எழுதிக் குடுத்துட்டீங்க இல்ல, முடிஞ்சுது. வெள்ளிக்கிழமை நானும் தினேஷும் போய்க் கூட்டிக்கினு வந்துடறோம்" என்றார். தினேஷ் தறியில் இருந்தான். நாடாவை நிறுத்தாமல் தலையை மட்டும் ஆட்டினான்.

அதற்கு முன்னால் அகிலாவிடம் நானே போய்ச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வியாழக்கிழமை காலை ஷேர் ஆட்டோ பிடித்து ஐயம்பேட்டைக்குப் போனேன். தர்மன் நாற்காலி எடுத்துப் போட்டார். உள்ளே சுவரோரமாக அந்தப் பாத்திரங்கள் பிரிக்காமல் சாக்கோடு இருந்தன. நான் அகிலாவிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆபீசர் மன்னிப்புக் கேட்டு அந்த வீட்டில் யாருக்கும் பழக்கம் இல்லை. தர்மன் அவசரமாக எழுந்து காப்பி சொல்லப் போனார்.

அகிலா அறிக்கையை வாங்கிப் படித்தாள். இரண்டாம் பக்கத்திலேயே நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"நான் போனப்புறமும் அதே எடத்துலதான் விட்டிருக்குதா சார்?"

"ஆமாம்மா."

"சரி." அறிக்கையை மடியில் வைத்துக்கொண்டாள். "அவரு இன்னா எழுதிக் குடுத்தாரு சார்?"

"யாரு?"

"எங்க வீட்டுக்காரரு. உங்ககிட்ட வாக்குமூலம் குடுத்தாரு இல்ல?"

அது ஃபைலில் இருப்பது, வெளியாருக்குக் காட்டக் கூடாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சட்டத்தைப் பார்த்து ஏழு பக்கம் எழுதியவன்தானே நான் என்று தோன்றியது. பையில் இருந்து ஃபைலை எடுத்து, அந்தத் தாளை உருவிக் கொடுத்தேன். மாமனாருடைய வாக்குமூலம் நாலு பக்கம். தினேஷுடையது ஒரே வரி. 'என் மனைவி சொல்லியிருப்பாளா இல்லையா என்பது எனக்குத் தெரியாது.' கீழே கையெழுத்து.

அவள் அதை ஒரு தடவைதான் படித்தாள்.

"ஆறு வருஷம் சார். அவரு தோள் மேல படாம நான் ஒரு நாடா தள்ளனதில்ல." குரல் உயரவில்லை. "அந்தக் கலாவதியம்மாவுக்கு எங்க வீடு எந்தத் தெருன்னு தெரியாது. நாங்க எத்தினி பேருன்னு தெரியாது. எங்க தறியில இழை எங்க விடும்னு அவங்க கண்ணுக்குத் தெரிஞ்சிருக்குது. இவருக்கு என்னைத் தெரியலியா?"

தர்மன் காப்பியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமை வர வேணாம்னு சொல்லிடுங்க சார்" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "எங்கப்பா போய்ச் சொன்னா சண்டை ஆயிடும். நீங்க சொன்னா கேட்டுப்பாங்க."

இதுவும் கைத்தறித் துறை ஆய்வாளரின் வேலை இல்லை. ஆனாலும் திரும்பி வந்ததும் நேராக அவர்கள் வீட்டுக்குத்தான் போனேன். தினேஷும் கலியாணசுந்தரமும் தறியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். கிழவருக்குப் புரியவில்லை. "அவ மேல தப்பு இல்லன்னு ஆபீசரே எழுதிக் குடுத்தாச்சு. நானும் ஒத்துக்கினேன். அப்புறம் இன்னாவாம்?" என்றார்.

தினேஷ் நாடாவைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தான்.

"நான் எழுதிக் குடுத்தத அவகிட்ட காட்டினீங்களா சார்?"

"காட்டினேன்."

அவன் நாடாவைக் கீழே வைத்தான்.